பலகைக்குப் பொட்டு வெச்ச கதை

வா மாப்ள, உக்காரு. நேத்துப் பூராவும் வெயில்ல நின்னு பேனர் கட்டுனியாமே. மெர்சிங் ரோட்டுல போன லோரிக்காரன் அதைப் படிக்கிறேன்னு சட்டுனு பிரேக்க மிதிச்சானாம். பின்னால வந்த மோட்டார்க்காரன் மயிரிழையில தப்பிச்சானாம். என்ன எழுதியிருந்தே அதுல? 'விபத்தைத் தவிர்ப்போம்'னா? நல்லா இருக்கு.

தௌகே, கோப்பி ஓ ரெண்டு. ஒண்ணுல சீனி கம்மி.

இது என்ன, எனக்கா? டீ-சட்டையா? மஞ்சக் கலரு, மாமனுக்கு எடுப்பாத்தான் இருக்கும். முதுகுல என்னமோ மலாய்ல போட்டிருக்கே... பாதுகாப்பு நம்ம எல்லாருடைய பொறுப்பு. அடடா. எல்லாருடைய பொறுப்புன்னா என்ன அர்த்தம்னு உனக்குத் தெரியாது மாப்ள, நீ லயத்துல பொறந்தவன் இல்ல. எங்க லயத்துக் கோடியில ஒரு கக்கூஸ் இருந்துச்சு. அதுவும் எல்லாருடைய பொறுப்புதான். காத்து இந்தப் பக்கம் அடிச்சா அதோட நிலவரம் காலையில ஆள் கணக்கெடுக்குற பெரட்டுக்களம் வரைக்கும் தெரியும்.

சரி, மூஞ்சிய ஏன் தொங்கப் போட்டிருக்கே? உன் பாதுகாப்புக் கூட்டத்துக்கு எறநூறு பேரு வந்தாங்க, ஒருத்தன்கூட வாயத் தொறக்கலயா? யோசனைப் பெட்டிய ஒரு மாசம் கழிச்சுத் தொறந்தா ஒரே ஒரு சீட்டு. அதுலயும் 'ஓவர்டைம் காசு எப்ப வரும்'னு எழுதியிருந்துச்சா? இதுக்குப் போயா வருத்தம்! கேள்வி கேக்காத ஆளுங்க கெடைக்கணும்னு மத்த தோட்டத்து மானேஜருங்க தவம் கெடக்கறாங்க. உனக்கு ஓசியில கெடைச்சிருக்கு, வெச்சு அனுபவி.

நான் கித்தாவுல பாதி, செம்பனையில பாதின்னு முப்பத்தெட்டு வருசம் ஓட்டுனவன். ஆளுங்களப் பேச வைக்கிற வித்தை எனக்கு அவ்வளவாத் தெரியாது. பேச விடாம வைக்கிற வித்தையில நான் பாக்காதது இல்ல. அதைச் சொல்றேன், கேட்டுக்க. நீ பாதிக்கு மேல ஏற்கெனவே செஞ்சு முடிச்சுட்டே, மீதிய நான் சொல்லிட்டா காரியம் பூர்த்தி.

மொதல்ல குழு. 1994ஆம் வருசத்து வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் என்ன சொல்லுது? ஒரு எடத்துல 40 பேரோ அதுக்கு மேலயோ வேலை செஞ்சா பாதுகாப்புக் குழு வெச்சே ஆகணும். 100 பேரைத் தாண்டிட்டா தொழிலாளி தரப்புல கொறைஞ்சது 4 பேரு. மூணு மாசத்துக்கு ஒரு தடவையாவது கூட்டம் போடணும், தோட்டத்தச் சுத்திப் பாக்கணும். பாத்தியா, மாமனுக்கும் சட்டம் தெரியுது! எல்லாம் உன் மச்சினன் மவ, என் பேத்தி, குளுவாங்குல வேலைக்குப் போறாளே, அவ படிச்சுச் சொன்னது. சரி, அந்த நாலு பேரு யாரு? மானேஜரோட டிரைவரு. பங்களாத் தோட்டக்காரன். ஆபீஸ்ல டீ கலக்குற பையன். நாலாவதா கிராணியோட மச்சான். சரியா சொன்னேனா? எனக்கு எப்பிடித் தெரியும்னு பாக்காத, எங்க காலத்துலயும் அதே நாலு பேருதான். குலை வெட்டுறவன் ஒருத்தன், மருந்தடிக்கிற பொம்பள ஒருத்தி, டிராக்டர் ஓட்டுறவன் ஒருத்தன்னு எவனாவது குழுவுல நொழைஞ்சிட்டா பெரிய தொல்லை. எங்க கம்பி தொங்குது, எந்த வண்டிக்கு பிரேக் இல்லைன்னு அவனுங்களுக்கு உண்மையிலேயே தெரியும்.

அப்புறம் கூட்டம் போடுற எடம். குளுகுளு ஆபீஸ் ரூமு ரொம்ப விசேஷம். வாசல்லயே சப்பாத்தக் கழட்டச் சொல்லிரு. காலையில அஞ்சரைக்கு எந்திரிச்சு, சேறு, முள்ளு, கொசுன்னு பாத்துட்டு வந்தவன், ஓட்டைச் சாக்ஸோட நாற்காலி நுனியில உக்காருவான். அப்ப நீ சுவத்துல படம் ஓட்டு, இங்கிலீஷ்ல. வட்டம், முக்கோணம், அம்புக்குறி எல்லாம் இருக்கட்டும். இந்தோனேசியாவுலருந்து வந்த லொம்போக்காரன் ஒருத்தன், வங்காளதேசத்துத் தம்பி ரெண்டு பேரு, நேபாளி ஒருத்தன், நம்மாளு மிச்சம் மீதி ஒருத்தன். கடைசியில 'எனி கொஸ்டின்?'னு கேளு. எவன் கேப்பான்? அவன் மனசுல ஓடுறது வேற கணக்கு. குலைக்கு இத்தனை, டன்னுக்கு இத்தனைன்னு கூலி வாங்குறவன் மாப்ள அவன். உன் வட்டத்தையும் முக்கோணத்தையும் பாத்துக்கிட்டு இருக்குற ஒவ்வொரு நிமிசமும் அவன் பையிலருந்து காசு போவுது. நீ மாசச் சம்பளக்காரன், உனக்கு அது கேக்காது. கூட்ட நேரத்துக்கும் கூலி உண்டுன்னு மட்டும் தப்பித் தவறி அறிவிச்சுராத. அன்னையிலருந்து எல்லாரும் முழிச்சிக்கிட்டு உக்காருவாங்க.

இதுக்கு மேலயும் எவனாவது வாயத் தொறந்துட்டா? அதுக்கும் மருந்து இருக்கு. எங்க தோட்டத்துல, பேரு வேணாம், காஹாங்குக்கு இந்தப் பக்கமும் இல்ல அந்தப் பக்கமும் இல்லன்னு வெச்சுக்க, ஒருத்தன் கண்ணாடி கேட்டான். அண்ணாந்து பாத்துக் குலை வெட்டுறப்ப மட்டைத் தூசியும் செத்தையும் கண்ணுல விழுதே, அதுக்கு. மறுநாள் பெரட்டுல அவன் பேரைக் கூப்புட்டாங்க. மேட்டுல, மரம் நாப்பதடி ஒசரத்துக்கு வளந்து, குலையும் கொஞ்சமாத் தள்ளுற பத்திக்கு அவனை மாத்துனாங்க. கண்ணாடி வந்துச்சான்னு கேக்கறியா? வந்துச்சு, காசு சம்பளத்துல புடிச்சாங்க. அப்பிடிப் புடிக்கக் கூடாதுன்னு அதே 1994 சட்டத்துல 26ஆம் பிரிவு இருக்காம். அது அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிஞ்சவங்க கண்ணாடி போட்டுக்கிட்டு ஆபீஸ்ல இருந்தாங்க. அந்த ஒரு ஆளை மேட்டுக்கு ஏத்துனதுல எறநூறு பேரு வாய்க்குப் பூட்டு விழுந்துச்சு பாரு. நீ எத்தனை சட்டை குடுத்தாலும் அந்தப் பூட்டத் தொறக்க முடியாது.

வெளிநாட்டு ஆளுன்னா இன்னும் சுலபம். பெர்மிட்டு முதலாளி பேருல. சில எடத்துல பாஸ்போர்ட்டும் ஆபீஸ் பீரோவுக்குள்ள. அடுத்தவன் பாஸ்போர்ட்ட வெச்சிருக்கறது 1966ஆம் வருசச் சட்டப்படி குத்தம். ஆனா பீரோவுக்குச் சட்டம் தெரியாதே. ஊருக்குத் திருப்பி அனுப்புறவன் முன்னால நின்னு 'ஐயா, உங்க ஏணி சரியில்ல'ன்னு சொல்ல எவனுக்கு மாப்ள நெஞ்சுரம் இருக்கும்? நீ 'ஏன் பேச மாட்டேங்கறாங்க'ன்னு ஆச்சரியப்படறே. எனக்கு உன்னப் பாத்தாத்தான் ஆச்சரியமா இருக்கு.

கோப்பி ஆறுது, குடி.

பலகை ஒண்ணு வாசல்ல வெச்சிருக்கியே, 'விபத்தில்லாத நாள் 112'ன்னு, அதுதான் எல்லாத்துக்கும் மேல. 200 நாள் ஆனா ஆளுக்கு ஒரு பரிசுக்கூடை, அதுல ரெண்டு கிலோ எண்ணெய் பாக்கெட்டு. செம்பனைத் தோட்டத்துக்காரனுக்குச் செம்பனை எண்ணெய்! உன் தாராள மனசு யாருக்கு வரும். ஆனா அது எப்பிடி வேலை செய்யும்னு சொல்றேன் கேளு. 197ஆவது நாள் ஒருத்தன் விரல வெட்டிக்கிறான். அவன் ஆபீஸுக்குப் போனா கணக்கு சைபருக்கு வந்துரும், எறநூறு பொஞ்சாதிமாருக்கும் எண்ணெய் போயிரும். அவன் கூட்டாளிங்களே அவனைப் புடிச்சுத் துணியச் சுத்தி, வாழைத் தோட்டத்துல வெட்டிக்கிட்டேன்னு சொல்லுடான்னு சொல்லிக் குடுப்பாங்க. இது நம்ம ஊர்க் குசும்பு மட்டும் இல்ல. அமெரிக்காவுல வேலையிடப் பாதுகாப்பு இலாகாவே 2012ல எழுதி வெச்சிருக்கு, இந்த மாதிரிப் பரிசு அடிபட்டத மறைக்க வைக்கலாம்னு. உன் பலகை விபத்தை எண்ணல மாப்ள. விபத்து நடந்தும் எத்தனை நாளா யாரும் சொல்லலன்னு எண்ணுது.

உங்க அத்தை கதைய நீ கேட்டதில்லயே. நானும் சொல்றதில்ல. அவ மருந்தடிக்கிற வேலைக்குப் போனவ. முதுகுல பம்பு, மூஞ்சியில பழைய சட்டைத் துணி, கையில ஒண்ணுமில்ல. அப்ப அடிச்சது கிராமக்சோன், அதான் பாராகுவாட். கொஞ்ச நாள்ல விரல் நகம் வெளுத்துச்சு, அப்புறம் கழண்டு விழுந்துச்சு. விடியக்காலையில மூக்குலருந்து ரத்தம் வரும். மண்டோருகிட்டப் போய்ச் சொன்னா. மண்டோரு டிரெசருகிட்ட அனுப்புனான். டிரெசரு வெள்ளை மாத்திரை குடுத்தான். காய்ச்சல், வயித்துவலி, பிள்ளைப்பேறு எல்லாத்துக்கும் அதே வெள்ளை மாத்திரைதான். ரெண்டாவது தடவை போய்ச் சொன்னா. 'உனக்கு மட்டும் ஏன் வருது, மத்தவளுக்கு வரலியே'ன்னு கேட்டானாம். மத்தவளுக்கும் வந்துச்சு. அவளுங்க சொல்லல, அவ்வளவுதான். மூணாவது தடவை உங்க அத்தையும் சொல்லல.

2002ல தெனகனித்தா அமைப்பும் அதை நடத்துன ஐரின் பெர்னாண்டசும் இந்த மருந்தடிக்கிற பொம்பளைங்க கதையத் திரட்டி ஒரு அறிக்கையாப் போட்டாங்க. நஞ்சு குடுத்து வாயையும் அடைச்சாங்கங்கற மாதிரித் தலைப்பு. அந்த வருசமே அரசாங்கம் பாராகுவாட்டத் தடை பண்றோம்னு சொல்லுச்சு. 2006ல தடையத் தளத்துனாங்க. கடைசியா 2020 சனவரி 1லதான் முழுத்தடை வந்துச்சு. அந்தப் பொம்பளைங்கள்ல ரொம்பப் பேரு அதுக்குள்ள வேலைய விட்டே நின்னுட்டாங்க. அவங்களும் உன் அகராதிப்படி 'பாதுகாப்புத் திட்டத்துல பங்கெடுத்துக்காத தொழிலாளிங்க'தான், இல்லியா?

சரி விடு. சிரிக்கற பேச்சுல கண்ணக் கசக்கக் கூடாது. இன்னொரு பலகைக்கு வர்றேன், நான் பொட்டு வெச்ச பலகைக்கு.

2003ஆம் வருசம். தோட்டத்துல ஒரு பத்திக்கும் அடுத்த பத்திக்கும் நடுவுல ஒரு கானு ஓடும். இடுப்பளவு தண்ணி, துருப்புடிச்ச இரும்பு மாதிரிச் செவப்பா. மேல ஒரு காட்டுமரப் பலகை, ரெண்டு சாண் அகலம். அதுமேல ஒத்தச் சக்கரத் தள்ளுவண்டியில மூணு குலை, நாலு குலை ஏத்திக்கிட்டு ஓடணும். ஒரு குலை இருபது கிலோவுக்குக் கொறையாது. பலகை நடுவுல ஊறி ஊறி, விரல வெச்சு அமுக்குனா பிட்டு மாதிரி உதிரும். ஓரத்துல வெள்ளைக் காளான் பூத்திருந்துச்சு. மழைக்காலத்துல அதைப் பறிச்சுக் கொழம்பு வைக்கலாம்னு ஒருத்தன் சொன்னான்னா பாத்துக்க.

உங்க அத்தை அப்ப உதிரிப்பழம் பொறுக்கற வேலையில இருந்தா. அவதான் எனக்குச் சொன்னா. மண்டோருகிட்டச் சொல்லுன்னேன். 'நான் சொல்லி நகம் மொளைச்சிருச்சா'ன்னு கேட்டுட்டுப் போயிட்டா. நானே போய்ச் சொன்னேன். மண்டோரு குழுவுக்குச் சொன்னான். குழு கூட்டத்துல எழுதிக்கிட்டாங்க. அந்தக் குறிப்பேட்ட அப்புறம் நான் பாத்தேன் மாப்ள, கிராணி கையெழுத்து முத்து முத்தா இருக்கும். மொத கூட்டத்துல, 'பலகை: கவனிக்கப்படும்.' மூணு மாசம் கழிச்சு, 'பலகை: தொடர்ந்து கவனிக்கப்படும்.' அதுக்கும் மூணு மாசம் கழிச்சு, 'பலகை: கவனிப்பில் உள்ளது.' சட்டப்படி ஒரு கொறையும் இல்ல. காளானும் நல்லா வளந்துச்சு.

ஒம்பதாவது மாசம் லொம்போக்காரப் பையன் ஒருத்தன் வண்டியோட உள்ள போனான். கணுக்கால் எலும்பு முறிஞ்சுது. அப்ப எங்க வாசப் பலகையில நாள் கணக்கு 290க்கு மேல. 300க்கு ரைஸ் குக்கர். பையன் மோட்டார்லருந்து விழுந்துட்டான்னு எழுதுனாங்க. அவனும் தலையாட்டுனான், பெர்மிட்டு அவனுக்கு முக்கியம். 300ஆவது நாள் எல்லாரும் ரைஸ் குக்கர் வாங்குனோம். நானும் வாங்குனேன். அதுல வெந்த சோத்த நானும்தான் தின்னேன், மறைக்கறதுக்கு என்ன.

பழைய பலகைக்குப் பதிலா என்ன போட்டாங்க தெரியுமா? அதே பலகையத் திருப்பிப் போட்டாங்க.

அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் புடிக்கல. விடியறதுக்கு முன்னால எந்திரிச்சேன். உங்க அத்தை சாமி மாடத்துலருந்து குங்குமம், ஒரு செவப்புத் துணி, எலுமிச்சம்பழம் மூணு எடுத்துக்கிட்டேன். கானுக்குப் போயி, பலகை இந்த முனையில மூணு செங்கல்ல நட்டு, பொட்டு வெச்சு, துணியக் கட்டி, பலகை நடுவுல ஒரு எலுமிச்சம்பழத்தப் பொளந்து வெச்சுட்டு, ஒண்ணும் தெரியாதவன் மாதிரிப் பெரட்டுக்கு வந்து நின்னேன்.

ஏழு மணிக்கெல்லாம் சேதி பரவிருச்சு. நம்மாளுங்க முனியாண்டின்னாங்க. லொம்போக்காரன் பெனுங்குன்னான், அவங்க ஊர்ல எல்லையக் காக்குற ஆவிக்கு அதான் பேரு. வங்காளத் தம்பி ஜின்னுன்னான். நேபாளி ஒண்ணும் பேசல, தொப்பியக் கழட்டிட்டு ஒரு கும்பிடு போட்டான். ஒத்தைக் காலு அந்தப் பலகை மேல படல. நாலு நாட்டுக்காரனுக்கும் ஒரே நேரத்துல, மொழிபெயர்ப்பாளன் இல்லாம, 'இதுல கால வெக்காத'ன்னு புரிய வெச்சுச்சு அந்த எலுமிச்சம்பழம். உன் ஸ்லைடுக்கு எவ்வளவு செலவாச்சு மாப்ள? அது அம்பது காசு.

மொத நாள் மண்டோரு கத்துனான். ரெண்டாவது நாள் கிராணி வந்து பாத்துட்டு, செருப்பக் கழட்டிட்டு, திரும்பிப் போயிட்டான். அந்தப் பக்கம் பழம் கனிஞ்சு, உதிர ஆரம்பிச்சுது. பழம் உதிர்ந்து கெடந்தா எண்ணெயில ஆசிட் ஏறும், வெலை எறங்கும். ஆலைக்காரன் போன் மேல போன். மூணாவது நாள் காலையில மானேஜரே ஜீப்புல வந்து எறங்குனாரு. ஒம்பது மாசமா கவனிப்புல இருந்த பலகைய அன்னைக்குத்தான் மொத மொதலாக் கண்ணால கவனிச்சாரு.

'என்னய்யா பண்ணணும்'னாரு எங்கிட்ட. எனக்குத் தெரியும்னு யாரோ சொல்லியிருக்கான். நான் கண்ண மூடிக் கொஞ்ச நேரம் நின்னேன். 'தொர, சாமி பலகை மேல நடக்க மாட்டேங்குது. சிமெண்டுக் குழாய் கேக்குது. அகலம் நாலடி. ரெண்டு பக்கமும் இரும்புக் கைப்புடி வேணுமாம்'னேன். அவரு என்னை ஒரு பார்வை பாத்தாரு. புரிஞ்சிருச்சு அவருக்கு. ஆனா பழம் உதிருதே! மறுநாள் லோரியில குழாய் வந்துச்சு.

இப்பத்தான் மாப்ள, முக்கியமான எடம், காதக் குடு. குழாய் போட்டு ஒரு வாரம் ஆகல. ராத்திரியில எங்க வீட்டுப் பின்வாசல்ல ஆளு நிக்கும். டிராக்டர்க்காரன் வந்தான்: 'மாமா, என் வண்டி பிரேக்குக்கும் ஒரு பொட்டு வெச்சு விடுங்க, எறக்கத்துல புடிக்க மாட்டேங்குது.' குலை வெட்டுறவன் ஒருத்தன் வந்தான்: பதினஞ்சாம் பத்தியில கரண்டுக் கம்பி தாழ்வாத் தொங்குது, அலுமினியக் கம்ப நிமித்துனா உரசுற மாதிரி இருக்கு, அந்த மரத்தடியில ஒரு செங்கல்லு நட முடியுமான்னு. அலுமினியக் கம்பு கம்பியில பட்டா ஆளு அங்கேயே கரிக்கட்டைதான், அது அவனுக்குத் தெரியும், உன் குழுவுக்குத் தெரியாது. வங்காளத் தம்பி வந்து, உரக் கொட்டகையில அடுக்கு சாயுதுன்னு கையால சாச்சுக் காட்டுனான். ஏழு பேரு வந்தாங்க. உங்க அத்தைதான் எட்டாவது ஆளு. அடுப்படியில நின்னுக்கிட்டு, மருந்து கலக்குற தொட்டிக்குப் பக்கத்துல கை கழுவக் கொழா இல்லன்னா. எத்தனை வருசம் கழிச்சு!

அதுவரைக்கும் ஒரு சட்டை குடுத்தோமா? எண்ணெய் பாக்கெட்டு குடுத்தோமா? ஒரு குழாய் வந்து விழுந்துச்சு, அவ்வளவுதான். சொன்னா நடக்கும்னு கண்ணால கண்டானுங்க, சொன்னவன் மேட்டுக்கு ஏறலன்னும் கண்டானுங்க. அன்னைக்கு என் வீட்டுப் பின்வாசல்ல நடந்ததுதான் நான் பாத்ததுல மொதப் பாதுகாப்புக் கூட்டம். தலைமை தாங்குனவரு முனியாண்டி.

ஜப்பான்ல டொயோட்டாக் கார் ஆலையில தலைக்கு மேல ஒரு கயிறு தொங்குமாம். வேலை செய்யறவன் கண்ணுல கோளாறு பட்டா இழுப்பான், மேஸ்திரி ஓடி வருவான், அவசியம்னா வரிசையே நிக்கும். பேத்தி சொன்னப்ப எனக்குச் சிரிப்பு வந்துச்சு. கயிறு எங்க தோட்டத்துலயும் கட்டலாம். இழுத்தவன திட்டாம ஓடி வர்ற மேஸ்திரிய எங்க போய்த் தேடுறது?

இன்னொண்ணும் சொன்னா அவ. நம்ம 1994 சட்டத்துக்கு கொள்ளுத்தாத்தா மொறையில இங்கிலீஷ்காரன் ஊர்ல ஒரு அறிக்கை இருக்காம், 1972ல வந்தது, ரோபென்ஸ் பிரபு தலைமையில. பாதுகாப்பு மேலருந்து எறங்குற சட்டத்தால மட்டும் வராது, வேலை குடுக்கறவனும் வேலை செய்யறவனும் சேந்துதான் உண்டாக்கணும்னு எழுதுனவரு. நல்ல பேச்சு. அதுக்கு முன்னால அந்த மனுசன் என்ன உத்தியோகத்துல இருந்தாரு தெரியுமா? நிலக்கரி வாரியத் தலைவரு. 1966 அக்டோபர்ல வேல்ஸ்ல அபர்ஃபான்ங்கற ஊர்ல, அந்த வாரியத்தோட கரிக்கழிவு மலை சரிஞ்சு பள்ளிக்கூடத்து மேல விழுந்துச்சு. 144 பேரு செத்தாங்க, அதுல 116 பிள்ளைங்க. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால கழிவக் கொட்டாதீங்க, ஆபத்துன்னு ஊர்ச்சபையில 1963லயே கடுதாசி போட்டிருக்காங்க. கடுதாசிக்குப் பதில் வந்துச்சு. மூணு வருசம் கழிச்சு மலையும் வந்துச்சு. 'கவனிக்கப்படும்'ங்கறது நம்ம கிராணி கண்டுபுடிச்ச வார்த்தை இல்ல மாப்ள, அது கப்பல்ல வந்தது.

நம்ம நாட்டுலயும் அப்பிடித்தான். சுங்கை பூலோவுல பிரைட் ஸ்பார்க்லர்ஸ் பட்டாசு ஆலை 1991 மே 7ல வெடிச்சு 26 பேரு போனாங்க. அதுக்குப் பிறகுதான் 1992ல நியோஷ்ங்கற வேலையிடப் பாதுகாப்பு நிறுவனம் வந்துச்சு, 1994ல சட்டம் வந்துச்சு. 2024 சூன் 1லருந்து அதுக்கு இன்னும் பல்லு மொளைச்சிருக்கு. அஞ்சு பேரு வேலை செஞ்சாலே உன்ன மாதிரி ஒரு ஒருங்கிணைப்பாளன் வேணும். முதலாளிக்கு அபராதம் 50,000 வெள்ளியில இருந்தது 500,000 வரைக்கும் போயிருக்கு. 26ஏன்னு ஒரு பிரிவு புதுசா வந்திருக்கு: உசிருக்கு உடனடி ஆபத்துன்னு நியாயமா நெனைச்சா, முதலாளி சரி பண்ணலன்னா, தொழிலாளி அந்த எடத்த விட்டு வெலகிக்கலாம், அதுக்காக அவனை ஒண்ணும் பண்ணக் கூடாது. இத உன் கூட்டத்துல சொன்னியா? ஸ்லைடு பதினாறுல இருந்துச்சா. எந்த பாஷையில? ... அதான் கேட்டேன்.

தொழிலாளி தலைக்கவசம் போடலன்னா 2,000 வெள்ளி வரைக்கும் அபராதம்னு மட்டும் மலாய்ல, பெரிய எழுத்துல, பெரட்டுக்களத்துலயே ஒட்டி வெச்சிருக்கே. அது எல்லாருக்கும் புரிஞ்சிருக்கு.

சரி, கெளம்பு. மணியாச்சு. ஆனா ஒண்ணு செய்யி. நாளைக்கு மைக்கு எடுத்துக்கிட்டுப் போகாத, டீ-சட்டையும் வேணாம். சேத்துச் சப்பாத்தப் போட்டுக்கிட்டு ஆறு மணிக்குப் பத்திக்குள்ள போ. அங்க ஒருத்தன் தள்ளுவண்டிக் கைப்புடியில பழைய டியூபச் சுத்தியிருப்பான், இல்லன்னா அரிவாள்க் கம்புல கம்பி கட்டியிருப்பான், இல்லன்னா எங்கயாச்சும் கானுல அவனே ஒரு மட்டைய வெட்டிப் போட்டிருப்பான். 'இது ஏம்ப்பா'ன்னு கேளு. கேட்டுட்டு வாய மூடிக்க. அவன் சொல்றது பெரிசா இருக்காது. ஒரு ஆணி, ஒரு கொழா, அரை நாள் வெல்டிங். வெள்ளிக்கிழமைக்குள்ள செஞ்சு முடி. அவன் பேரைக் குறிப்பேட்டுல எழுதாத, அவன் சொன்னத எழுது, செஞ்ச தேதியையும் எழுது. பரிசுக்கூடைக் காசு இருக்கில்ல, அதுல வாங்கு. வாசப் பலகையில விபத்தில்லாத நாளை அழிச்சுட்டு, 'இந்த மாசம் ஆளுங்க சொன்னது இத்தனை, சரி பண்ணுனது இத்தனை'ன்னு போட்டுப் பாரு. மானேஜரு ஒத்துக்கிட்டா நீ கெட்டிக்காரன். ஒத்துக்கலன்னா வந்து சொல்லு, வீட்டுல குங்குமம் இருக்கு.

அந்தக் குழாயா? இன்னும் இருக்கு மாப்ள, கைப்புடியோட. தோட்டம் ரெண்டு கை மாறிருச்சு, குழாய் மாறல. செங்கல்லும் அங்கேயேதான் இருக்கு, அதுமேல வெள்ளிக்கிழமையான்னா புது எலுமிச்சம்பழம் இருக்குது. சத்தியமா நான் வெக்கல. உங்க அத்தை கூடைய மட்டும் எட்டிப் பாக்காத.